உப்பு கம்மி

நம்ம பிள்ளை அருள்மொழியின் அப்பாவுக்கு,

தங்கச்சியைப் பார்க்க வெள்ளிமலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். ஒண்டியாகத்தான் போகிறேன். போன வருஷம் வாசப்படி ஏறினாலே மயக்கம் வந்தவள், இன்றைக்கு மலைக்கே போகிறேன். காலை மாத்திரை போட்டாச்சு, மீதி பையில் இருக்கிறது.

ராத்திரி, "இன்னா கொழம்பு இது, உப்பு கம்மி" என்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டீங்க. நான் சிரித்ததைக் கேலி என்று நினைத்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டீங்க. அது கேலி இல்லை, சந்தோஷம்.

என் உடம்பில் உப்பு நிற்காத நாளில் கல்லுப்பையே வாயில் போட்டு மென்றவள் நான். குழம்பிலும் அள்ளி அள்ளிக் கொட்டினேன். ஹார்மோன் சுரக்காததற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை இப்போது வேலை செய்கிறது. நேற்றுக் குழம்பைப் பக்கத்து வீட்டு நிர்மலா ருசி பார்த்தாள். "உப்பு அளவாதான் இருக்குதுக்கா" என்றாள்.

என் நாக்கு சரியாகிவிட்டது. கெட்டுப்போனது உங்கள் நாக்குதான்.

மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க. சாயந்திரம் வந்துவிடுவேன்.

செவ்வந்தி

மறந்துவிட்டேன்: அதே குழம்பைச் சுட வைத்திருக்கிறேன். உப்பு ஜாடி அடுப்புக்குப் பக்கத்தில். அத்தனை நாளும் நான் கொட்டிய உப்பைக் குறை சொல்லாமல் தின்றீங்களே, அதற்காக இன்றைக்கு மட்டும் போட்டுக்குங்க. நாளையிலிருந்து பத்தியம் உங்களுக்குத்தான்.