விமானச் சஞ்சிகையின் முப்பத்தொன்றாம் பக்கம்

மல்கிரேவுக்கு வீடு மாறுவதற்காகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து உன்னுடைய பழைய விமானச் சஞ்சிகை வெளியே வந்தது. மக்கிய தாளின் வாசத்தோடு உன் கையில் எப்போதும் ஒட்டியிருந்த ரப்பர்ப் பசையின் வாசமும் அதில் இன்னும் இருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். நீ இருந்தபோது ஒரு நாளாவது அதைக் கையில் வாங்கிப் பார்த்தவனில்லை நான்.

எழுபத்தைந்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஃபுட்ஸ்கிரேயில் ஒரு வீட்டின் பின்னறையை நாங்கள் இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சுக்காரன். நீ இரத்மலானை விமான நிலையத்தில் பதினொரு வருடம் விமானம் திருத்தியவன். அங்கே வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லாது என்றார்கள். கார்க் கதவுகளுக்கு ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையில் போய் நின்றாய். மனைவியும் மகளும் ஊரில், கொக்குவிலில் இருந்தார்கள். சரியான வேலை கிடைத்ததும் அவர்களைக் கூப்பிடுவது என்று வைத்திருந்தாய்.

ஒரு தேவாலயத்தின் பழைய புத்தக விற்பனையில் அந்தச் சஞ்சிகை உன் கண்ணில் பட்டது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் வந்த இதழ். நான் குசினியில் பருப்புக் கறி வைக்க, நீ மேசையில் அதை விரித்து வைத்து வாசித்துச் சொல்லிக்கொண்டிருப்பாய். விமானிகள் போடும் தோல் தொப்பிக்கும் காற்றுக் கண்ணாடிக்கும் விளம்பரங்கள். தன்னந்தனியாகப் பறந்து வந்த ஒரு பெண்ணுக்கு ஊர்ப் பெரியவர்கள் கொடுத்த தேநீர் விருந்து. இன்னும் கொஞ்சக் காலத்தில் வீட்டுக்கு ஒரு விமானம் நிற்கும் என்று ஒரு கட்டுரை. விமானம் நாடுகளை நெருக்கமாக்கிவிட்டது, இனி யுத்தம் வராது என்று ஆசிரியரே எழுதிய முன்பக்கம். அதை வாசித்துவிட்டு, “பாவம், நம்பித்தான் எழுதியிருக்கிறான்” என்றாய்.

முப்பத்தொன்றாம் பக்கம் வந்தால் உனக்கு அதற்கு அப்பால் போக மனம் வராது. இரட்டை இறக்கை விமானத்தில் மேல் இறக்கையையும் கீழ் இறக்கையையும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை எந்த ஒழுங்கில் இறுக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கிய பக்கம் அது.

“மச்சான், இங்கை பார். மூண்டாவது படத்தையும் நாலாவதையும் மாத்திப் போட்டிட்டாங்கள். இதைப் பாத்துக் கட்டினால் விமானம் ஒரு பக்கத்துக்கு இழுக்கும்.”

“இத்தனை வருசத்துக்குப் பிறகு ஆருக்கடா அது தேவை?”

“கட்டுறவனுக்குத் தேவை” என்று சொல்லிப் பென்சிலால் திருத்தினாய்.

அந்த வருடம் விமானம் திருத்தும் வேலைக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பித்தாய். இரண்டிலிருந்தும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது பதில் வந்த கிழமை நீ வேலைக்குப் போகவில்லை. ஏழு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். தண்ணீர்கூட நான் வற்புறுத்தித்தான் குடித்தாய். எனக்கு அவ்வளவு பயம் அதற்கு முன் வந்ததில்லை.

பிறகு பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்தது. பொயிண்ட் குக் என்ற இடத்துக்கு அப்பால், ஒருவருடைய சொந்தக் காணியில், பழைய இரட்டை இறக்கை விமானமொன்றைத் திருத்த ஆள் தேவை. உட்கார்ந்த இருப்பில் நாலு பக்கம் எழுதினாய். முப்பத்தொன்றாம் பக்கத்துப் பிழையையும் அதில் விளக்கியிருந்தாய்.

“ஒஃபிஸிலை வடிவா ரைப் பண்ணிப் போட்டுவிடு மச்சான்.”

ரைப் பண்ணினேன். உறையிலிட்டு முத்திரையும் ஒட்டினேன். தபால் பெட்டிக்கு முன்னால் நின்றபோது, மூன்றாவது தடவையும் இல்லை என்று வந்தால் நீ இனி எழும்பமாட்டாய் என்று தோன்றியது. கடிதத்தைத் திரும்பவும் பைக்குள் வைத்தேன்.

“போட்டிட்டியா?”

“ஓம், போட்டாச்சு.”

உன்னைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தேன்.

நீ காத்திருந்தாய். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் தபால் பார்ப்பாய். அந்த நாட்களில் நன்றாகச் சாப்பிட்டாய், தலைமயிரை ஒழுங்காக வெட்டிக்கொண்டாய், ஊருக்கு நீளநீளமாகக் கடிதம் எழுதினாய். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாவது கிழமை, தொழிற்சாலையில் மத்தியான இடைவேளையில், நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருமுன்னமே முடிந்துவிட்டது. உனக்கு முப்பத்தெட்டு வயது.

இரண்டு கிழமை கழித்து அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தக் காணிக்குப் போனேன். உன்னை வேலைக்கு எடுத்திருக்கவே மாட்டேன் என்று அந்த மனிதர் சொல்லக் கேட்பதற்குத்தான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன். வயதான வெள்ளைக்காரர். தகரக் கொட்டகை வாசலில் நின்றபடியே எல்லாப் பக்கங்களையும் வாசித்தார். படம் மாறியதைச் சொல்லும் இடத்தை இரண்டு தடவை வாசித்தார்.

“இவர் எங்கே?”

“இறந்துவிட்டார். அவரிடம் இந்த நாட்டுச் சான்றிதழும் இல்லை.”

“அது எனக்குத் தேவைப்பட்டிருக்காது. சரிபார்த்துக் கையெழுத்து வைக்க எனக்கு ஒருவர் இருக்கிறார். கம்பி கட்டத் தெரிந்த ஆளைத்தான் தேடினேன். ஒருவரும் எழுதவில்லை. போன கிழமைதான் விமானத்தைக் கழற்றி விற்றேன்.”

அவருக்குப் பின்னால் கொட்டகை வெறுமையாகக் கிடந்தது. கடிதம் ஏன் இவ்வளவு பிந்தி வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் மனைவிக்கு ஒன்றும் மறைக்காமல் எழுதினேன். மூன்று மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. “அண்ணை, ‘வேலைக்குப் பதில் வந்தவுடனை கூப்பிடுறன், பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை தைச்சு வை’ எண்டு அவர் எனக்கு எழுதியிருந்தவர். தைச்சிட்டன். இனி நீங்கள் எனக்கு எழுத வேண்டாம்.”

அவளுக்கு அதன்பின் நான் எழுதவில்லை. உனக்கு எழுதுகிறேன், நீ வேண்டாமென்று சொல்ல முடியாது என்பதால். நீ தாங்கமாட்டாய் என்று நானே முடிவெடுத்தேன். ‘இன்னொருக்கா இல்லை எண்டு வந்தால் தாங்குவியோ மச்சான்?’ என்று உன்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். ‘தாங்குவன், நீ போடு’ என்றுதான் சொல்லியிருப்பாய்; அது எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்துதான் இருந்தது. அதையும் சுமந்துகொண்டுதான் தினமும் வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.