கத்தரிக்காரியின் கோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்த இருமல் விட்டதா என்பதையெல்லாம் கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். என்னை எதற்கடா காமிக்ஸ் புத்தகத்தில் போட்டாய்? அதுவும் வில்லியாக?

மூன்று நாளாக எனக்குக் கை ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டி வைத்திருக்கிறேன். தையல் கடை போட்டு இருபத்திரண்டு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

திங்கட்கிழமை கடை திறந்த சூட்டோடு ஒரு பெண் வந்தாள். வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். ஒரு புத்தகத்தை வெட்டுமேஜையில் விரித்து, இதே மாதிரி ஒரு கோட்டு வேண்டும், அடுத்த மாதம் ரசிகர்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள், போட்டுக்கொண்டு போக வேண்டும் என்றாள். நான் வழக்கம்போலக் கழுத்தில் டேப்பும் வாயில் நாலு குண்டூசியுமாகக் குனிந்து படத்தைப் பார்த்தேன். படத்தில் ஒருத்தி கழுத்தில் டேப்பும் வாயில் நாலு குண்டூசியுமாக என்னை முறைத்தாள்.

ஊசியை விழுங்காமல் தப்பித்ததே பெரிது.

இடது புருவத்தில் அதே வெட்டு. மாடிப்படியில் உருண்டு விழுந்தேனே, அந்த வெட்டு. சரி, யாருக்கும் புருவத்தில் வெட்டு இருக்கலாம் என்று கோட்டைப் பார்த்தேன். பொத்தானெல்லாம் வலது பக்கம் இருந்தது. ஆண்களுக்குத்தான் அந்தப் பக்கம் வைப்போம், பெண்களுக்கு இடது பக்கம். படம் போட்டவருக்குத் தையல் தெரியாது போலிருக்கிறது, நான் மாற்றித் தைத்துத் தருகிறேன் என்றேன். அந்தப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ, மாத்திடாதீங்க! அதுதான் அவ ஸ்டைலே. ஊரே ஒரு பக்கம் பொத்தான் போட்டா அவ இன்னொரு பக்கம் போடுவா. யாருக்கும் அடங்க மாட்டா" என்றாள்.

அடப்பாவி, அது அப்பாவின் கோட்டுடா! கிடங்குக் காவலுக்கு அப்பா போட்டுக்கொண்டு போன கோட்டு. அவர் இறந்த பிறகு வந்த குளிர்காலத்தில், வேறு வழியில்லாமல் அதைப் பிரித்துச் சின்னதாக்கி நான் போட்டுக்கொண்டேன். பொத்தான் துளையைப் பக்கம் மாற்றினால் பழைய துளை பல்லை இளிக்கும் என்று அப்படியே விட்டேன். அது ஸ்டைலாம்!

அட்டையைத் திருப்பினேன். "கதையும் படமும்: குட்டைப் பென்சில்" என்று போட்டிருந்தது. சுண்டுவிரல் நீளப் பென்சிலை வைத்துக்கொண்டு நீ எந்நேரமும் கிறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து நான் உனக்கு வைத்த பெயர் அது. நம் வீட்டைத் தாண்டி ஒருவருக்கும் தெரியாது. விளம்பரப் பலகை எழுதுகிற கம்பெனியில் இருக்கிறேன் என்றுதானே ஒன்பது வருடமாக எழுதுகிறாய்? வருடத்துக்கு இரண்டு தடவை, ஒரே ஒரு வரி.

உன் மாமாவிடம் சொன்னேன். மனிதர் பேருந்துப் பணிமனையிலிருந்து வருகிற வழியிலேயே இதுவரை வந்த பதினான்கு இதழையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கையில் கிரீஸ் போகக் கழுவக்கூட இல்லை, உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, "முழி அப்படியே உன் முழிதான்" என்று பாராட்டு வேறு. உன்னையா என்னையா என்று தெரியவில்லை.

நானும் படித்தேன். கத்தரிக்காரி! நல்ல பெயர். அவள் செய்கிற காரியம் என்ன? "தள்ளி நில்லு, உன் நிழல் என் துணி மேல விழுது" என்பாள். சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்து எதிரில் நிற்கிறவனுடைய நிழலைக் கத்தரித்து மேஜை டிராயரில் போட்டுக்கொள்வாள். நிழல் போனவன் அவள் சொன்னபடி ஆடுவான். அந்த ஒற்றை ஜன்னல் அறையில் நான் தைக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நின்று வெளிச்சத்தை மறைப்பாய். நான் கத்துவேன். அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. அதை இப்போது பனியனில் அச்சடித்து விற்கிறார்கள் என்பது உனக்குத் தெரியுமா? தெரியாமல் எப்படி இருக்கும்.

இதைவிடப் பெரிய கூத்து, அவளை எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம். வங்கிப் பெண் போய்ச் சொல்லி, இன்றைக்குப் பதினோரு கோட்டுக்கு அளவெடுத்தாகிவிட்டது. நான் யாரென்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வாயில் ஊசி வைப்பதை மட்டும் விட்டுவிட்டேன். டேப்பைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஊரையே ஆட்டி வைக்கிற ராட்சசி அவள், அவளிடம் அப்படி என்ன இருக்கிறது?

வங்கிப் பெண் சொன்னாள்: "நாள் பூரா திட்டறவங்களைப் பார்த்தும் நான் சிரிக்கணும்க்கா. சாயங்காலம் கன்னம் வலிக்கும். அவ சிரிக்கத் தோணலேன்னா சிரிக்க மாட்டா. பார்க்கவே ஆசையா இருக்கு." ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, உன் கதையில் நல்லவளாக வருகிற ஒளிமகளை எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று வரைந்திருக்கிறார்கள், இவளைப் பிடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதனாலேயே பிடிக்கிறது என்றாள். தனக்கு வேண்டியதை வாயைத் திறந்து "எனக்கு வேணும்" என்று கேட்கிற பெண்ணைத் தான் வேறெங்கும் பார்த்ததில்லையாம்.

ஒரு பல் டாக்டரும் வந்தார். கோட்டு அவருக்கே. அளவெடுத்து முடிவதற்குள் முகம் சிவந்து, "அவ வந்து என் நிழலை வெட்டறேன்னா நான் ஆடாம நின்னு கொடுப்பேங்க" என்றார். பல் பிடுங்குகிற ஆள் பேசுகிற பேச்சா இது? நாற்பத்தொரு வயதில் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. கடையைச் சாத்திவிட்டு உள்ளே வந்து மாமாவையும் கேட்டேன். அப்படிப்பட்டவளை ஒருவனுக்கு எப்படிப் பிடிக்கும் என்று. "அதைத்தான் பதினஞ்சு வருஷமா நானும் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு ஆறின காபிதான்.

சிரிப்பாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. ஆறாவது இதழில் அவள், படம் வரைகிற பையனாக வருகிறானே மின்மினி, அவன் வரைந்த தாளைப் பறித்து, அவன் கண்முன்னாலேயே துண்டு துண்டாக வெட்டுகிறாள் இல்லையா? அந்தப் பக்கத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் துணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.

எல்லாம் எனக்கும் நினைவு இருக்கிறதடா. தொழிற்கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து நீ வரைந்துகொண்டிருந்த நாள். நான்கு பேரிடம் கெஞ்சி வாங்கிய விண்ணப்பம் அது. எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. உன் கையிலிருந்து அந்தப் பெரிய தாளைப் பிடுங்கி, மேஜையில் கவிழ்த்துப் போட்டு, வெட்டினேன். சும்மா கூட வெட்டவில்லை. காலருக்கும் கைமடிப்புக்கும் அளவு கிறுக்கி, துணி மேல் வைத்து வெட்டுகிற மாதிரித் தாளாக வெட்டினேன். இனிமேலாவது இது எதற்காவது உதவட்டும் என்றேன். இரண்டு மாதத்தில் நீ கிளம்பிவிட்டாய்.

ஆக, பழி தீர்த்துக்கொண்டாய். போகட்டும். ஆனால் பதினான்காம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரம் இருக்கிறது: "அடுத்த இதழில் முடிவு! கத்தரிக்காரி மண்டியிடுகிறாள்!" அவள் மின்மினியின் காலடியில் முட்டி போட்டு, கை கூப்பி, தலை குனிந்து இருக்கிறாள். அப்பாவின் கோட்டு மண்ணில் புரள்கிறது. பார்க்க உனக்கு நன்றாக இருக்கிறதா?

உடனே பதில் போடு.

உன் அக்கா.

*

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்பது நாளாயிற்று, பதில் இல்லை. போன கடிதத்தைக் கிழித்துப் போட்டிருந்தால் சரி. கிழிக்கவில்லை என்றால் இதையும் அதோடு வைத்துப் படி. வேறொன்று நடந்துவிட்டது. சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பதினோரு கோட்டுக்கும் காலர் வெட்ட வேண்டும். அந்தக் காலருக்கு என்னிடம் ஒரே ஒரு மாதிரித் தாள்தான். ஆணியில் தொங்குவது. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். கெட்டித் தாள், ஒன்பது வருடம் உழைத்திருக்கிறது. மாதிரித் தாளில் அளவு எழுதின பக்கம்தான் எங்களுக்கு முகம். அந்தப் பக்கம் வெளியே தெரியத் தொங்கவிடுவோம், அந்தப் பக்கத்தைப் பார்த்து வெட்டுவோம். பின்பக்கம் சுவருக்குத்தான். எட்டாவது காலர் வெட்டும்போது தாள் மூலையில் கிழிந்தது. ஒட்டுப் போடலாம் என்று திருப்பினேன்.

பின்பக்கம் ஒரு பொத்தான் வரைந்திருந்தது. வலது பக்கம் வைத்த பொத்தான்.

கத்தரியைக் கீழே போட்டுவிட்டு ஆணியில் இருந்ததையெல்லாம் எடுத்தேன். கைமடிப்பு இரண்டு, பாக்கெட் மூடி ஒன்று, காலர் பட்டி ஒன்று. பசியோடு வந்த மாமாவை வாசலிலேயே நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் கவிழ்த்து மேஜையில் சேர்த்து வைத்தேன். இரண்டு துண்டு இல்லை, எங்கேயோ தேய்ந்து போய்விட்டது. இருந்ததே போதும்.

நான்தான். கோட்டோடு, டேப்போடு, வாயில் ஊசியோடு, மிஷினில் குனிந்திருக்கிறேன். சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் நான் எங்கே சிரித்தேன். ஆனால் தம்பி, நான் அவ்வளவு அழகாக எப்போதடா இருந்தேன்? ஜன்னல் வெளிச்சம் முழுக்க என் முகத்தில்தான் விழுகிறது. தைக்கிற துணியின் மேல் ஒரு பையனுடைய தலை நிழல் விழுந்திருக்கிறது, பரட்டைத் தலை, காது விடைத்திருக்கிறது. நான் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. அந்த நிழலின் மேலேயே தைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வெட்டியது இதையா?

சத்தியமாகப் பார்க்கவில்லையடா. தாள் பெரிதாக இருந்தது, கெட்டியாக இருந்தது. அன்றைக்கு அதை மட்டும்தான் பார்த்தேன். திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒன்பது வருடமாக அதே ஆணியில், என் கண்ணுக்கு நேரே தொங்கியிருக்கிறது. ஒரு தடவைகூடத் திருப்பவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து மாமா பயந்துவிட்டார். யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். தாளைக் காட்டினேன். அடுப்படிக்குப் போய் அவரே காபி போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் வங்கிப் பெண் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தபோது சொன்னதையும் கேள். "வரைஞ்சவருக்கு இவ மேல கோபம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலக்கா. ஒளிமகளோட துணியில நாலு கோடுதான் இருக்கும். இவ கோட்டுல மட்டும் ஒவ்வொரு தையலா எண்ணி எண்ணிப் போட்டிருக்காரு. பிடிக்காதவங்களை யாரு இவ்வளவு நேரம் பார்ப்பாங்க?" என்றாள். நான் தோள் தையலைச் சரிபார்க்கிற மாதிரி அவள் முதுகுப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அப்போது அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். கடைசி இதழில் கத்தரிக்காரி மண்டியிட்டால் தன் கோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாளாம். "எங்க வீட்ல நான் மண்டியிடறேன், ஆபீஸ்ல மண்டியிடறேன். அவளாவது நிக்கட்டும்னுதானே படிக்கறேன்" என்றாள். பொம்மைக்காக இப்படி ஒருத்தி தவிப்பாளா என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன்.

அதனால் கேட்கிறேன். அச்சுக்குப் போகவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மாற்று. கத்தரிக்காரியை மன்னிப்புக் கேட்க வைக்காதே. அவளைச் சாகடிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பதினோரு பேர் அவளை நம்பிக் கோட்டுத் தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். மன்னிப்பு அவள் கேட்க வேண்டியது இல்லை. அவள் வெட்டியது வெறும் கோடு. நிஜத்தில் வெட்டியவள் நான். நான் கேட்கிறேன். தம்பி, என்னை மன்னித்துவிடு. இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடமாயிற்று, அதுவும் ஒரு காலர் கிழிந்ததால்.

துண்டுகளை ஒட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டேன். வெட்டுமேஜைக்கு எதிர்ச் சுவரில் முகம் தெரிய மாட்டியிருக்கிறேன். பல் டாக்டர் வந்தால் மட்டும் மேலே துணியைப் போட்டு மூடிவிடுகிறேன். காலருக்கு மாதிரித் தாள் இல்லாமல் போய்விட்டது, புதிதாக ஒன்று செய்ய வேண்டும்.

அப்பாவின் கோட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. நான் உள்பக்கம் மடித்துத் தைத்ததெல்லாம் பிரித்துவிட்டேன். துணி அப்படியே இருக்கிறது, பழைய அளவுக்கு வரும். பொத்தான் உனக்குச் சரியான பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் என்னிடம் இருப்பது உன் பதினெட்டு வயதுத் தோள் அளவு. அதை வைத்து வெட்டக் கை வரவில்லை.

சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? இருமல் விட்டதா? உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். அதுதான் என் ஆசீர்வாதம், வேறென்ன இருக்கிறது என்னிடம் கொடுக்க.

ஒரு தடவை வந்து அளவு கொடுத்துவிட்டுப் போ. அந்த ஒற்றை ஜன்னல் அப்படியேதான் இருக்கிறது, மிஷினும் அதே இடத்தில்தான். வந்து என் பக்கத்தில், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நில்.

உன் அக்கா.