அப்பாவின் சுருக்கங்கள்

பாப்பா, கோபம் இருந்தாலும் முழுசாகப் படி.

கலை முகாமுக்கு நீ செய்த களிமண் முகம் கரடுமுரடாகத் தெரிந்தது. சுவர் பூசுகிற கை சும்மா இருக்குமா? கரணையை எடுத்து வழவழவென்று தேய்த்துவிட்டேன். அது என் முகம் என்று நீ அழுத பிறகுதான் தெரிந்தது. மூணு நாளாகப் போட்ட சுருக்கமாமே!

மண் இன்னும் காயவில்லை, ஈரச்சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன். கண்காட்சி அஞ்சு மணிக்குத்தானே? மத்தியானமே லீவு கேட்டு வந்துவிடுகிறேன். எதிரில் உட்காருகிறேன், பார்த்துப் பார்த்துக் கீறிக்கொள். சிரிக்க மாட்டேன்.

சோறு மூடியிருக்கு, சாப்பிடு.

இன்னொன்று. “அப்படியே இருக்கட்டுமே, கல்யாணத்தப்போ இந்த மூஞ்சிதான்” என்கிறாள் உன் அம்மா. கேட்காதே. நெற்றிச் சுருக்கத்தில் பாதி அவள் போட்டதுதான், ஒன்றையும் விட்டுவிடாதே.