அண்ணனுக்குப் போட்ட சால்வை

ஆவணி 15, ஞாயிறு

அரியலூரில் இன்று பழைய வானொலி நேயர்கள் கூட்டம். அண்ணன்தான் என்னையும் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் அழைத்துப் போனான். அந்தக் காலத்தில் தினமும் மாலையில் நேயர் கடிதங்களைப் படித்துப் பேசிய அறிவிப்பாளர் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

வயசுப்பெண் பேரை ரேடியோவில் படிக்கக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். அதனால் அப்போது தா.பழூர் வீட்டிலிருந்து கார்டு எழுதியதெல்லாம் நான், கீழே போட்ட பேர் அண்ணனுடையது.

"பேசும்போது இருமுறீங்களே, சுக்குக் கஷாயம் குடிங்கன்னு எழுதுன தா.பழூர் முருகேசன் வந்திருக்காருங்களா?" என்று மேடையிலிருந்து கேட்டார். நான் எழுந்திருப்பதற்குள் அண்ணன் மேடையில் நின்றான். சால்வையையும் வாங்கிக்கொண்டான். ரேடியோவைப் போட்டாலே "அத அமத்து" என்று கத்தியவன் இவன்!

திரும்பும்போது பஸ்ஸில் சொல்லியேவிட்டேன். "அது நான் எழுதுனதுண்ணே."

"பேரு என்னுதுதானே?" என்றான், சால்வையை மடித்துக்கொண்டே.

இறங்கும்போது அடுத்தது. "நேயர் மலர் ஒண்ணு போடுறாங்களாம், என் அனுபவத்த எழுதிக் கேட்டிருக்காங்க. ரெண்டு பக்கம் நீயே எழுதிக் குடுத்துடும்மா. ஒன் கையெழுத்துதான் நல்லாருக்கும்."

அவனைச் சொல்லி என்ன, என்னைச் சொல்ல வேண்டும். சரிண்ணே என்று தலையாட்டிவிட்டு வந்து, இப்போது முதல் பக்கத்தை எழுதியும் முடித்துவிட்டேன்.