படத்தின் பின்பக்கம்

கள்ளக்குறிச்சி,
14.8.1988

அன்புத் தங்கை சுபலட்சுமிக்கு,

கூடப் பிறக்காத அக்கா அம்சவள்ளி எழுதுவது. இது நான் உனக்குப் போடும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் பதில் இல்லை. திருப்பூர் விலாசம் தப்பாக இருந்தால் கடிதம் திரும்பி வந்திருக்கும், வரவில்லை. ஆகவே நீ வாங்கிக்கொள்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, கையால் வாங்கினாயே, அது போதும்.

எனக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உன் வீட்டுக்காரர், தம்பி ராஜாங்கம், உன் அண்ணனின் பனியன் கம்பெனியில் பெட்டி கட்டுகிறார் என்று வக்கீல் வெங்கடேசன் சொன்னார். கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. அரசாங்க வேலையிலிருந்து சஸ்பெண்ட் ஆகி ஒன்பது மாதம். வழக்கில் தண்டனை வந்தால் வேலை அடியோடு போய்விடும் என்று வக்கீல் சொல்கிறார். அதை நினைக்காமல் ஒரு நாளும் எனக்கு விடிவதில்லை.

வருகிற புரட்டாசி முதல் ஞாயிறு நம் விருந்து. பதினோரு வருஷமாக நடப்பதை நிறுத்த எனக்கு மனசில்லை. வெள்ளிமலையில் எட்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். மார்கழியில் பிள்ளைகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கல்யாணம் காட்சி என்று என் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. சிநேகிதர்களைக் கூப்பிட்டுச் சோறு போட எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் காரணமாகக் கிடைத்தார்கள். மலையில் எடுத்த படங்களை முற்றத்துத் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டுவேன். சாப்பிட்டுக் கை கழுவிய ஒவ்வொருவரும் ஒரு படத்தைக் கழற்ற வேண்டும். எந்தப் பிள்ளையின் படமோ அந்தப் பிள்ளைக்குக் கம்பளியும் சட்டையும் அவர்கள் பொறுப்பு. பிறகு எல்லோருமாக வேனில் மலைக்குப் போய் அவற்றைக் கொடுத்து, அங்கே ஆக்கிப் போட்டுவிட்டு வருவோம். நீ எப்போதும் மூக்கு ஒழுகும் பிள்ளையாகப் பார்த்து எடுப்பாய். ஒரு வருஷம் இரண்டு மூக்கு ஒழுகிகள் மாட்டியிருந்தேன், எதை எடுப்பது என்று நீ திண்டாடியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

போன வருஷம் மகள் தேவிப்ரியாவுக்குக் காய்ச்சல் என்று நீ மலைக்கு வரவில்லை. நீ அங்கே இல்லாததால் பலர் பலவிதமாக உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நான் எழுதிவிடுகிறேன். இடஒதுக்கீடு கேட்டு அந்த ஒரு வாரம் முழுதும் சாலை மறியல். அடுத்த வாரம் போகலாம் அக்கா என்று சொன்னவரே உன் வீட்டுக்காரர்தான். மலைக்குப் போகிற ரோட்டை யார் மறிக்கப் போகிறார்கள் என்று வேனைக் கிளப்பச் சொன்னவள் நான். கச்சிராயபாளையம் போகிற வழியில் புளியமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. முந்தின நாளே வெட்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருபது முப்பது பேர், இரண்டு நாளாக டீயும் பன்னுமாக உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு லாரி, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, சந்தைக்குப் போகிற நாலு பேர் மாட்டிக்கொண்டு நின்றார்கள். எங்க புள்ளைங்களுக்கு ஒரு வேலை வேணும்னு கேக்கறோம், உங்க மேல எங்களுக்கு இன்னா கோவம் டீச்சரு என்று அதில் ஒருவர் சொன்னார். மலைக்கு என்று கொண்டுபோன அரிசியும் பருப்பும் வேனில் இருந்தன. இங்கேயே ஆக்கிப் போடுவோம் என்று இறங்கிவிட்டோம். ராஜாங்கம் அவர்களிடம் கோடாரி வாங்கி, விழுந்து கிடந்த கிளைகளை அடுப்புக்குப் பிளந்தார். மறித்தவர்களும் மாட்டிக்கொண்டவர்களும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள்.

அந்த மத்தியான வெளிச்சம் அப்படி இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். நம் வேனில் வந்த ஏழு பேரையும் வரிசையாக நிற்க வைத்தேன். தம்பி, நீ மரத்து மேல ஏறு, கோடாரி கையிலேயே இருக்கட்டும், நல்லா இருக்கு என்றேன். அவர் கூச்சப்பட்டுச் சிரித்தார். அந்தப் படத்தைத்தான் வைத்து, மரத்தை வெட்டி ரோட்டை மறித்தவர் இவர் என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோவுக்குப் பேர் எழுதிய கை இது. எந்தப் படம் எடுத்தாலும் பின்பக்கத்தில் இடமிருந்து வலமாகப் பேர் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இதிலும் ஏழு பேரையும் எழுதி, மரத்தின் மேல் நிற்பவர் ராஜாங்கம் என்று கீழே கோடும் போட்டிருந்தேன். போலீஸ் யாரையும் விசாரிக்க வேண்டிய வேலையே வைக்கவில்லை.

படம் அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று நீ கேட்பாய். ஸ்டுடியோ பொன்னுரங்கத்தின் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் படம் இருந்தது, பிறகு அந்த இடம் காலியாக இருந்தது, ஆகவே அவர்தான் கொடுத்திருப்பார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் என்ன சொல்வது.

விருந்துக்கு நீ வர வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா அம்சவள்ளி


கள்ளக்குறிச்சி,
19.9.1988

அன்புத் தங்கைக்கு,

நேற்று விருந்து முடிந்தது. முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருபத்தைந்து பேருக்கு ஆக்கினேன். வடை, பாயசம், கத்தரிக்காய் சாம்பார் எல்லாம் இருந்தது. கொடியில் இருபத்திரண்டு படங்களை மாட்டினேன், எல்லாம் பழைய படங்கள். ஒரு மணி வரைக்கும் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். பிறகு காற்று அடிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாத்தினேன்.

ஒருவரும் வரவில்லை, சுபா. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் படத்தில் இருந்த ஏழு வீட்டுக்கும் போலீஸ் போய் வந்திருக்கிறது. ஊரிலும் முன்போல இல்லை. யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வணக்கமே சொல்கிறார்கள். அதற்கும் மேலே என் வீட்டுக்கு வந்தால் நான் படம் எடுப்பேன் என்று பயம். கடைத்தெருவில் கைப்பையை நான் திறந்தால்கூட இரண்டு பேர் தள்ளிப் போகிறார்கள். எடுப்பது குடைதான்.

மூன்று மணிக்குக் கதவு தட்டினார்கள். ஓடிப்போய்த் திறந்தேன். நம் மலை ஊர்த் தைலம்மாள். வெள்ளிமலைக்குப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, மடியில் இரண்டு படி சாமையோடு வந்திருந்தாள். போன வருஷம் கம்பளி வந்து சேராததைக் கேட்க வந்திருக்கிறாளோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளோ, கம்பளிக்கு வரல டீச்சரு, வருசா வருசம் வருவியே, ஆளையே காணமே, உசுரோட இருக்கியா இல்லியான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் என்றாள். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். இருபத்தைந்து பேர் சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். கொடியில் தொங்கிய படங்களைப் பார்த்து, இவன் இப்ப லாரி ஓட்டறான், இவளுக்குக் கல்யாணம் ஆயிடிச்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். போகும்போது என்னை ஒரு படம் புடியேன் என்று கேட்டாள். ஃபிலிம் இல்லை என்று சொல்லிவிட்டேன். கேமராவில் பாதி ரோல் இருந்தது.

மீந்த சோற்றைப் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று காலையில் கோர்ட் சம்மன் வந்தது. அக்டோபர் 24-ஆம் தேதி நான் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும். படத்தின் பின்னால் இருப்பது என் கையெழுத்துத்தானா என்று கேட்பார்களாம். இந்த ஊரில் பாதிப் பேர் அந்தக் கையெழுத்தைப் பார்த்து அ, ஆ எழுதியவர்கள். இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆமாம் என்றால் தம்பியின் வேலை போகும். வக்கீல் வெங்கடேசனிடம் ஓடினேன். அவர் சொன்னது ஒன்றுதான். மரம் வெட்டினது இவர் இல்லைன்னு வாயால சொன்னா எடுபடாதும்மா, நெகட்டிவ் இருந்தா கொண்டாங்க, ஃபிலிம் ஓரத்துல நம்பர் இருக்கும், எது முன்னாடி எது பின்னாடின்னு அதுவே சொல்லிடும் என்றார். வேனுக்குள் இருந்தபடியே நான் எடுத்த படம் அதே ரோலில் இருக்கிறது. கண்ணாடி வழியாக மரம் விழுந்து கிடப்பது தெரியும், முன் சீட்டில் தம்பியின் தலை தெரியும்.

நெகட்டிவ் எல்லாம் பொன்னுரங்கத்திடம்தான் இருக்கின்றன. பல மாதமாக அந்தக் கடைப் பக்கம் நான் போகவில்லை.

போகத்தான் வேண்டும்.

அக்கா


கள்ளக்குறிச்சி,
9.10.1988

சுபா,

இந்தக் கடிதத்தையாவது கடைசி வரைக்கும் படி.

படத்தைக் கொடுத்தது பொன்னுரங்கம் இல்லை. நான்.

போன வருஷம் ஐப்பசியில் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார், ஏமாற்றவில்லை. ரோட்டில் நடந்ததைக் கேட்டார், சொன்னேன். பிறகு சுவரில் இருந்த படங்களைப் பார்த்து நின்றுவிட்டார். இந்த வெளிச்சத்தை எப்படிப் பிடித்தீர்கள், எந்த நேரத்தில் எடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இருபது வருஷமாகப் படம் எடுக்கிறேன். என் படங்களில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் கேட்டிருக்கிறார்கள், படத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பேசினேன். புளியமரத்துப் படத்தைப் பார்த்து, இது ரொம்ப நல்லா இருக்குதுங்க டீச்சர் என்றார். அவர் கேட்கவே இல்லை, சுபா. நானாகத்தான் அட்டையிலிருந்து உரித்துக் கையில் கொடுத்தேன். வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

அதற்குப் பிறகு வழக்கு என்று கேள்விப்பட்டதும் வாய் அடைத்துவிட்டது. பொன்னுரங்கத்தின் மேல் ஊர் பழி போட்டபோது, இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். உனக்கே ஐந்து கடிதங்களில் பொய் எழுதினேன்.

முந்தாநாள் அவர் கடைக்குப் போனேன். கல்யாண ஆர்டர் ஒன்றுகூட வருவதில்லை, பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருகிறவர்கள் மட்டும்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய் ஓர் அட்டையைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த அதே படம். கலவரமா இருக்குதேன்னு நான்தான் பயந்துகினு எடுத்து உள்ள வெச்சேன், அப்பவே தெரியும் போலீஸ் கையில இருக்கிறது உங்க வூட்டுப் படம்னு என்றார். இதைக் கொண்டுபோய் நாலு பேரிடம் காட்டியிருந்தால் உங்கள் மேல் பழியே வந்திருக்காதே, ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்குன்னா பொண்டாட்டி புள்ளைங்க இருக்கறாங்க டீச்சர், உங்களுக்கு இன்னா இருக்குது, அந்த ஒரு ஞாயித்துக்கெழமைதான, அதையும் நான் எதுக்குக் கெடுக்கணும்னு வுட்டுட்டேன் என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, பெரிய மனுஷத்தனமாகவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நெகட்டிவ் கவரைத் தேட ஆரம்பித்தார். இரண்டு பெட்டிகளைக் கொட்டித் தேடி எடுத்துக் கொடுத்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். வேனுக்குள்ளிருந்து எடுத்தது பதினாலு, கோடாரிப் படம் பத்தொன்பது. வக்கீல் பார்த்துவிட்டு, இது போதும்மா என்று முதல் தடவையாகச் சிரித்தார். கோர்ட் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் சிரித்தார்.

கையெழுத்து என்னுடையதுதான் என்று சொல்லப்போகிறேன். மரத்தின் மேல் ஏறச் சொன்னது நான், வேனைக் கிளப்பச் சொன்னது நான், படத்தைத் தூக்கிக் கொடுத்ததும் நான் என்று சேர்த்தே சொல்வேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இன்று காலை படத்தில் இருக்கும் ஏழு பேரில் ஊரில் இருக்கும் ஆறு பேர் வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஓர் அம்மா, இதுக்கா டீச்சர் ஒரு வருஷம் பிடித்தது என்று கேட்டாள். தனியாக இருக்கிறவளுக்கு இருக்கிற நாலு பேரும் போய்விடுவார்களோ என்று பயமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பயத்தில் உன் குடும்பத்தையும் பொன்னுரங்கத்தின் குடும்பத்தையும் நடுத்தெருவில் நிறுத்திவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அது நீயாகத் தர வேண்டியது.

தம்பி வழக்குக்கு வந்துதான் ஆக வேண்டும். நீயும் வா. 23-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சேலத்திலிருந்து வருகிற ரயிலுக்குச் சின்னசேலம் ஸ்டேஷனில் நிற்பேன். என் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டால் பார்க்காதே. இறங்கி நேராகப் பஸ்ஸுக்கு நடங்கள், நான் பத்தடி பின்னால் வருகிறேன். என் வீட்டில் தங்கச் சொல்லவில்லை, சாப்பிடச் சொல்லவில்லை. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவாய், கையில் இரண்டு மூன்று பைகள் இருக்கும். பேச வேண்டாம் சுபா, ஒரு பையை மட்டும் என்னிடம் கொடு.

தேவிப்ரியா நன்றாகப் படிக்கட்டும். நீயும் தம்பியும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

ஸ்டேஷனில் காத்திருக்கும்,
அம்சவள்ளி