சார்ஜாவிலிருந்து வந்த கிரைண்டர்

லப்பைக்குடிக்காடு, 2004

ஜூன் 6

சார்ஜாவிலிருந்து அவர் திடீரென்று வந்து இறங்கிவிட்டார். லீவு அடுத்த வருஷம்தானே? கேட்டால், "கம்பெனியில வேலை கொறைவு" என்கிறார். பெட்டியில் எனக்குச் சேலை, மாமிக்குத் தைலம், அடியில் கைலியில் சுற்றிய கை கிரைண்டர். கல்லை மாட்டினால் இரும்பைத் தேய்க்குமாம், முனையை மாற்றினால் துளை போடுமாம். புத்தம் புதுசு.

"யாரு குடுத்தா மச்சான்?"

"வாங்குனேன்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஜூன் 11

அவரோடு வேலை பார்க்கும் ஹாஜா லீவில் வந்திருக்கிறார். தெருவில் அவர் தலை தெரிந்ததும் இவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஏன்?

ஜூன் 12

அந்தக் கிரைண்டரைக் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்துட்டாரா? அதுக்குத்தான் அனுப்பிட்டாங்களா? எழுதவே கை கூசுகிறது.

ஜூன் 19

கொல்லையில் தகரம் போட்டு வேலை ஆரம்பித்துவிட்டார். ஜன்னல் கம்பி, கேட்டுத் தாழ்ப்பாள். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, வாய்க்குத் துணி. கல் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார். மாட்டியதும் சும்மா ஓடவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். நான் டீ கொண்டு போனால், "தள்ளிப் போ! முந்தானையைச் சொருகு!"

போன லீவில் செருப்புகூடப் போடாமல் வெல்டிங் வைத்த மனுஷன். இப்ப மட்டும் என்ன பயம்? நான் கிட்ட வந்து பார்க்கக் கூடாதது அதுல என்ன இருக்கு?

ஜூன் 27

மாமி கேட்கிறார்கள், "எம்மவன் மொகம் கொடுத்துப் பேச மாட்டேங்குறானே, என்னடி செஞ்ச?" எனக்குத் தெரிஞ்சாத்தானே.

ஜூலை 3

ஹாஜா வீட்டம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "அதெல்லாம் உங்க வூட்டுக்காரர்கிட்டயே கேட்டுக்கங்க" என்று உள்ளே போய்விட்டாள். அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

ஜூலை 8

இன்றைக்குக் கேட்டே விடுவது என்று போனேன். கல் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு இடப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று நினைத்தேன். சட்டென்று மெஷினோடு திரும்பினார். முந்தானை நுனி கிழிந்து பறந்தது. நான் அலறினேன். அவர் சுவிட்சை அணைத்தார்.

"எங்கேருந்துடி வந்த?"

"பக்கத்துலதானே நிக்கிறேன்!"

கல் ஓய்ந்ததும் மெஷினைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இடது கண்ணு தெரியாது, மைமூன்."

பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

"அங்க வேலையில, வேர்க்குதுன்னு கண்ணாடியக் கழட்டுனேன். ஒரே ஒரு கம்பிதானேன்னு... இரும்புத் துணுக்கு உள்ள போயிடுச்சு." ஆபரேஷன் செய்தும் பார்வை வரவில்லையாம். கம்பெனி அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது ஹாஜாதான். வேறு தொழில் தெரியாதே என்று கடைசிச் சம்பளத்தில் கிரைண்டர் வாங்கியிருக்கிறார்.

"உம்மாகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டாங்க."

நான் என்ன நினைத்திருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 9

எத்தனை தடவை அந்தப் பக்கம் டம்ளரை நீட்டி, வாங்கவில்லை என்று கோபப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22

குன்னத்திலிருந்து அழகேசன் என்ற விவசாயி மோட்டார் மூடியில் துளை போட வந்தார். முனை இரும்பில் பட்டதும் அவர் குனிந்து பார்க்கக் கிட்டே போனார். இவர் மெஷினை நிறுத்தினார்.

"தள்ளி நில்லுங்கண்ணே. எனக்கு ஒரு கண்ணு இப்படித்தான் போச்சு."

ஏதோ ஊர் நிலவரம் சொல்வதுபோல, சத்தமாகச் சொன்னார்.

அடுப்படியில் மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறம் நின்றுவிட்டது. நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.