இருபத்தைந்து புள்ளி நான்கு

மார்ச் 3, செவ்வாய்

மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இன்றும் லீவு. அண்ணன் காலையிலிருந்து நாலு முறை போன். ஆஸ்பத்திரிக்குச் செய்கிற இரும்புப் படிக்கட்டின் படம் வந்துவிட்டதாம். அவர்கள் அங்குலத்தில் வரைந்திருக்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டர் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, பத்தடிப் படிக்கட்டை சோப்புப் பெட்டி அளவுக்குக் காட்டுகிறதாம். நான் வந்து சரிசெய்கிறேன், தொடாதே என்றேன். பட்டறை அவனுடையதாக இருக்கலாம், படம் வரைகிற மேசை என்னுடையது. எனக்கும் தெரியும் என்று போனை வைத்துவிட்டான். என்ன தெரியும்?

மார்ச் 5, வியாழன்

வேலைக்குப் போனேன். தகடெல்லாம் வெட்டியாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும். நானும் படத்தைத் திறக்கவில்லை.

மார்ச் 11, புதன்

ஆஸ்பத்திரியில் படிக்கட்டை நிறுத்தினார்கள். மேல்தளத்தைத் தொடவில்லை. நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் குறைகிறது, ஏறக்குறைய மூன்று விரல். அவர்களுடைய இன்ஜினியர் முன்னாலேயே அண்ணன் வெல்டரைப் பிடித்துக் கிழித்தான். மெஷினில் தகடு வெட்டியதும் பற்றவைத்ததும் அவர்தானே. பன்னிரண்டு வருஷமாக எங்களிடம் இருக்கிறவர். நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டான். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 12, வியாழன்

படத்தைத் திறந்தேன். உயரம் 3048 என்று எழுதியிருக்கிறது. பத்தடிக்குச் சரிதான். சந்தேகப்பட்டு, வரைந்த கோட்டையே அளந்தால் — 3000. அங்குலத்தை மில்லிமீட்டராக்க 25.4-ஆல் பெருக்க வேண்டும். என் அண்ணன், மகாபுத்திசாலி, வெறும் 25-ஆல் பெருக்கியிருக்கிறான். அளவு 3000 என்று வந்ததும், கம்ப்யூட்டர்தான் தப்பு என்று அந்த எண்ணை அழித்துவிட்டு 3048 என்று கையால் அடித்திருக்கிறான். வெட்டுகிற மெஷின் எழுத்தையா படிக்கும்? கோட்டின் மேல்தானே ஓடும். மூலையில் 'வரைந்தவர்' என்று என் பெயர் வேறு.

நேரே போய்க் கேட்டேன். புள்ளி நாலுக்கு இவ்வளவு வருமென்று தெரியாதாம். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "வெல்டர் தப்புன்னு சொல்லியாச்சு. இப்ப மாத்திச் சொன்னா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது? நீ வாயத் தொறக்காத."

அவன் மூஞ்சி! ஊரில் அவன் ஒருத்தனுக்குத்தான் மூஞ்சி இருக்கிறதா?

மார்ச் 13, வெள்ளி

வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவள்.

மார்ச் 14, சனி

வெல்டர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் செய்த கூத்தை ஒன்று விடாமல் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைப்பு. உள்ளே அவர் மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அவர் மட்டும் நிதானமாகப் பேசினார்.

"அளவு ஒதைக்குதுன்னு அளந்தப்பவே தெரிஞ்சுது தங்கச்சி. உங்களுக்குத்தான் போன் பண்ணிச் சொன்னேனே."

எனக்கா? எப்போது?

நாலாம் தேதி. மகள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். படத்தில் இருப்பதைவிடத் தகடு குறைச்சலாக வருகிறது என்றார். படத்தில் இருப்பதுதான் சரி, நீங்கள் ஒழுங்காக அளந்து பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆமாம், சொன்னேன்.

இந்த நோட்டைப் புரட்டினேன். நாலாம் தேதிக்கு ஒரு வரி இல்லை. எழுதி வைக்கிற அளவுக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. அண்ணனைத் திட்ட மட்டும் பக்கம் பக்கமாகக் கை ஓடியிருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

இன்ஜினியர், அண்ணன், நான். சொல்லிவிட்டேன்.

"படம்தான் தப்பு. வெல்டர் மேல ஒண்ணும் இல்ல. அளவு சரியில்லன்னு எங்கிட்ட சொன்னார். நான்தான் பாக்கல."

அண்ணன் தன் பங்கைச் சொல்வான் என்று கொஞ்சம் காத்திருந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், படுபாவி. புதுப் படம் எப்போது வரும் என்று மட்டும் இன்ஜினியர் கேட்டார்.

மார்ச் 18, புதன்

முதல் கோட்டிலிருந்து வரைந்தேன். ஒவ்வொன்றையும் அளந்தேன். அண்ணனோடு பேச்சில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வெல்டரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அண்ணனே சொன்னான். இரண்டு பேரும் போனோம். மன்னிப்பு என்ற வார்த்தை இவன் வாயில் வருமா? வேலை குவிந்து கிடக்கிறது, நாளைக்கே வா என்றான். அவர் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பக்கத்துத் தெருப் பட்டறையில சேந்துட்டேன் தங்கச்சி. நேத்து அங்க ஒரு அளவு ஒத்துவரலன்னு சொன்னேன். படம் போடறவர் எழுந்து வந்து பாத்தார்."

திரும்பி வரும்போது வழி நெடுக அண்ணன் அவரைத் திட்டிக்கொண்டே வந்தான், நன்றி கெட்டவன் என்று. கூடச் சேர்ந்து திட்ட எனக்கு வாய் வரவில்லை.